பாதியாக்கும் சோதனை: ஸ்டார்ட் ஆகாத எஞ்சின் கற்றுத்தரும் அறிவியல்

உற்றுநோக்கல், கருதுகோள், சோதனை, முடிவு. அறிவியல் பாடம் நடத்தும் நாம் எல்லோரும் இந்த நான்கு சொற்களைக் கரும்பலகையில் எழுதியிருப்போம். மாணவர்களும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். தேர்விலும் சரியாக எழுதிவிடுகிறார்கள். ஆனால் வீட்டில் மின்விசிறி சுற்றவில்லை, டார்ச் விளக்கு எரியவில்லை என்றால் இந்தச் சொற்கள் அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. படித்த முறையைக் கண்முன் உள்ள ஒரு பழுதின்மேல் பயன்படுத்த வைப்பதற்காக எட்டாம் வகுப்பில் நான் செய்துவரும் ஒரு செயல்பாட்டை இங்கே ஆசிரியர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடலோரத்தில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியராகப் பணிபுரிகிறேன். என் மாணவர்களில் பலர் வள்ளத்தில் தொழிலுக்குப் போகும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வள்ளத்தின் பின்பக்கத்தில் வெளியே மாட்டப்படும் எஞ்சினை அவர்கள் சிறு வயது முதலே பார்த்து வளர்கிறார்கள். தேவைப்படும்போது கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவரக்கூடிய எஞ்சின் அது. இந்த வகை எஞ்சினை 1909ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் ஓல் எவின்ரூட் என்பவர் விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் கடலோரத்தில் 1980களுக்குப் பிறகு இது பரவியது. துடுப்பும் பாயும் கொண்டு தொழில் செய்த பல வீடுகளில் இன்று எஞ்சின்தான் ஆதாரம்.

அது ஸ்டார்ட் ஆகாவிட்டால் கரையில் ஒரு நாள் வருமானம் போகும். கடலில் என்றால் நிலைமை வேறு. எஞ்சின் நின்ற வள்ளம் காற்றும் நீரோட்டமும் இழுக்கும் பக்கம் போகும். 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயலுக்குப் பிறகு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

முதல் கேள்வியும் ஒரே பதிலும்

"காலையில் எஞ்சின் கயிற்றைப் பத்து முறை இழுத்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. நீ என்ன செய்வாய்?" என்று ஒரு தாளில் எழுதச் சொல்வேன். ஒவ்வோர் ஆண்டும் பெரும்பாலான தாள்களில் ஒரே பதில்தான் இருக்கும்: "பிளக்கை மாற்றுவேன்." சிலர் "கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்வேன்" என்று எழுதுவார்கள். பதில்கள் தவறல்ல, பிளக்கோ கார்புரேட்டரோ காரணமாக இருக்கலாம். ஆனால் இவை சோதனைகள் அல்ல, ஊகங்கள். பிளக்கை மாற்றியும் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாவிட்டால் அடுத்து என்ன என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். பணம் செலவாகியிருக்கும், பழுதைப் பற்றி நமக்குப் புதிதாகத் தெரிந்தது மிகக் குறைவு.

இங்கே ஒரு சிறு விளையாட்டு. 1 முதல் 16 வரை ஓர் எண்ணை நான் மனதில் நினைத்துக்கொள்வேன். 'ஆம்', 'இல்லை' என்று பதில் சொல்லக்கூடிய கேள்விகளை மட்டும் கேட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டும். "ஐந்தா? பன்னிரண்டா?" என்று கேட்பவர்கள் திண்டாடுவார்கள். "எட்டைவிடப் பெரியதா?" என்று கேட்பவர் நான்கே கேள்விகளில் முடித்துவிடுவார். 16, 8, 4, 2, 1 என்று ஒவ்வொரு கேள்வியும் மீதியைப் பாதியாக்குகிறது. தொடக்கப் பள்ளியிலும் இதை விளையாடலாம். பழுது தேடுவதும் இதே விளையாட்டுதான். நல்ல சோதனை என்பது நம் சந்தேகத்தைப் பாதியாக்கும் சோதனை. இந்த ஒரு கருத்து மாணவர் மனதில் பதிய வேண்டும் என்பதே இந்தச் செயல்பாட்டின் நோக்கம்.

முன்னேற்பாடும் பாதுகாப்பும்

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் வழியாக, ஓடாத பழைய எஞ்சின் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். ஊரில் எஞ்சின் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரைத் தலைமையாசிரியரின் அனுமதியோடு இரண்டு பாடவேளைகளுக்கு அழைத்தோம். எஞ்சினில் எரிபொருள் ஒரு சொட்டும் இல்லாமல் வடித்த பிறகே பள்ளிக்குள் கொண்டுவந்தோம். வகுப்பறையில் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ கூடாது. பொறி வருகிறதா என்று பார்க்கும் சோதனையை மாணவர்கள் செய்யக் கூடாது. அங்கே பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தம் உருவாகிறது. அதை மெக்கானிக் தன் பட்டறையில் செய்வதைத் தள்ளி நின்று பார்த்தால் போதும்.

தொடங்கும் முன் கரும்பலகையில் மூன்று வட்டங்கள் வரைந்தேன். சரியான அளவில் காற்றும் எரிபொருளும் கலந்த கலவை; அந்தக் கலவையை உருளைக்குள் நெருக்கும் அழுத்தம்; சரியான நேரத்தில் ஒரு தீப்பொறி. இந்த மூன்றும் சேர்ந்தால் எஞ்சின் ஸ்டார்ட் ஆகும். ஆகவில்லை என்றால் இவற்றில் ஏதோ ஒன்று குறைகிறது. எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

படி 1: கருவியைத் தொடும் முன்

செலவில்லாத சோதனை முதலில். எஞ்சினை நிறுத்தும் சுவிட்சில் ஒரு சுருள் கயிறு இருக்கும். ஓட்டுபவர் கடலில் விழுந்தால் அது கழன்று எஞ்சின் நின்றுவிடும். அந்தக் கயிற்றின் கிளிப் சரியாக மாட்டப்படவில்லை என்றால் பொறி வராது. அடுத்து, கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பல எஞ்சின்கள் கியரில் இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாதபடி அமைக்கப்பட்டிருக்கும். டேங்கில் எரிபொருள் இருக்கிறதா? குழாய் இரண்டு முனைகளிலும் சரியாகப் பொருந்தியிருக்கிறதா? இவற்றைப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

படி 2: பிளக் சொல்லும் சாட்சி

எங்கள் வகுப்புக்கு வந்த மெக்கானிக் சொன்ன ஒரு வாக்கியம் மாணவர்களுக்கு நன்றாகப் பிடித்துவிட்டது: "மக்களே, பிளக்க ஒடனே மாத்தாண்டாம். மொதல்ல கழத்திப் பாருங்க."

கயிற்றைச் சில முறை இழுத்த பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் முனை ஈரமாக இருக்கும் அல்லது உலர்ந்திருக்கும். ஈரமாக இருந்து எரிபொருள் வாடை அடித்தால், எரிபொருள் உருளைவரை வந்துவிட்டது. பொறி அல்லது அழுத்தத்தின் பக்கம் தேட வேண்டும். உலர்ந்திருந்தால் எரிபொருள் வந்து சேரவில்லை. டேங்கை நோக்கிப் பின்னால் போக வேண்டும். ஒரே சோதனையில் எஞ்சினின் பாதி சந்தேகத்திலிருந்து விலகிவிடுகிறது. 'எட்டைவிடப் பெரியதா?' என்ற கேள்வி இதுதான் என்று ஒரு மாணவி தானாகவே சொன்னாள்.

பிளக்கின் நிறமும் பேசும். இளம் பழுப்பு என்றால் எரிதல் சரியாக நடந்திருக்கிறது. கரி படிந்து கறுப்பாக இருந்தால் எரிபொருளோ எண்ணெயோ அதிகம். வெளுத்துக் கொப்புளம் போட்டிருந்தால் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. மெக்கானிக்குகள் கழித்துப்போட்ட பழைய பிளக்குகளைக் கேட்டால் தருவார்கள். நன்றாகத் துடைத்து மேசையில் வைத்து, ஒவ்வொன்றையும் பார்த்துக் குறிப்பு எழுதச் சொல்லலாம். உற்றுநோக்கலுக்கு இதைவிட மலிவான பயிற்சிப் பொருள் எங்கள் ஊரில் கிடையாது.

படி 3: பிளக் உலர்ந்திருந்தால்

எரிபொருள் குழாயின் நடுவே கையால் அழுத்தும் ரப்பர் குமிழ் ஒன்று இருக்கும். அதன் இரு முனைகளிலும் ஒருவழி வால்வுகள் உண்டு. குமிழின் மேல் உள்ள அம்புக்குறி எஞ்சினை நோக்கி இருக்க வேண்டும். அழுத்த அழுத்த அது இறுக வேண்டும். இங்கேயும் சந்தேகம் பாதியாகிறது. குமிழ் இறுகினால் எரிபொருள் கார்புரேட்டர் வரை போயிருக்கிறது; தடை அதற்கு அப்பால். எவ்வளவு அழுத்தியும் இறுகாமல் தொளதொளவென்று இருந்தால் டேங்க் காலி, குழாயில் காற்று புகுகிறது அல்லது வால்வு பழுது. அழுத்திய குமிழ் மீண்டும் உப்பாமல் தட்டையாகவே நின்றால் டேங்கின் பக்கம் அடைப்பு.

இந்த வால்வுகளைக் காட்டிய பிறகு இதய வால்வுகளைப் பற்றிப் பாடம் நடத்துவது எளிதாகிவிடுகிறது. இரத்தம் ஒரே திசையில் ஓடுவது எப்படி என்ற கேள்விக்குப் பிள்ளைகளின் கை குமிழை அழுத்துவது போல அசையும்.

எரிபொருள் வந்தாலும் அதில் தண்ணீர் கலந்திருக்கலாம். கொஞ்சம் எடுத்து, எரிபொருள் தாங்கும் ஒளிபுகும் பாத்திரத்தில் அசையாமல் வைத்தால் தண்ணீர் அடியில் தங்கும். தண்ணீரின் ஒப்படர்த்தி 1. பெட்ரோலுக்குச் சுமார் 0.75, மண்ணெண்ணெய்க்குச் சுமார் 0.8. வகுப்பறையில் சமையல் எண்ணெயும் மை கலந்த தண்ணீரும் போதும்.

படி 4: பிளக் ஈரமாக இருந்தால்

குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் வேண்டும். காற்றைக் குறைத்து எரிபொருளைக் கூட்டுவது அதன் வேலை. சூடான எஞ்சினுக்கும் சோக்கை இழுத்து வைத்துக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்தால் உருளை எரிபொருளால் நனைந்து, பொறி இருந்தும் பற்றாது. அப்போது சோக்கை விட்டுவிட்டு, பிளக்கைத் துடைத்து உலரவைத்து, சற்றுப் பொறுத்து முயல வேண்டும். "எரிவதற்கு எரிபொருள் வேண்டும்" என்று மட்டும் படித்த பிள்ளைக்கு, எரிபொருள் அதிகமானாலும் எரியாது என்பது புதிய செய்தி.

பிளக் ஈரம், சோக்கும் சரி என்றால் பொறியைச் சோதிக்க வேண்டும். பிளக்கை அதன் மூடியில் செருகி, உலோகப் பகுதியை எஞ்சின் உடலோடு தொடவைத்துக் கயிற்றை இழுத்தால் முனையில் நீலப் பொறி தெரிய வேண்டும். சுற்றிலும் எரிபொருள் ஆவி இருந்தால் இது தீ விபத்தில் முடியும். எனவேதான் மெக்கானிக்கின் வேலை என்றேன். பொறி இல்லாததற்குக் கடலோரத்தில் அடிக்கடி காரணமாவது உப்பு. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். விரிசல் விட்ட வயரிலும் நனைந்த மூடியிலும் மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வேறு வழியில் கசியும். இணைப்புகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருப்பது அரிப்பு. சாதாரண நீர், உப்பு நீர் இரண்டிலும் மின்கலமும் எல்இடியும் வைத்து மின்கடத்தலைச் சோதிக்கும் செயல்பாட்டை இந்த இடத்தில் வைத்தேன்.

எரிபொருளும் வருகிறது, பொறியும் இருக்கிறது என்றால் மிஞ்சுவது அழுத்தம். கயிறு வழக்கத்தைவிட லேசாக, தடையே இல்லாமல் வந்தால் பிஸ்டன் வளையமோ கேஸ்கட்டோ போயிருக்கலாம். அது பட்டறை வேலை. கடலில் சரி செய்ய முடியாது.

மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினில் ஏன் பெட்ரோல்?

எங்கள் கடலோர எஞ்சின்கள் பல மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. ஆனால் ஸ்டார்ட் செய்வது பெட்ரோலில். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்தும் முன் மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓடவிடுவார்கள். பிள்ளைகள் எல்லோருக்கும் இது தெரியும். ஏன் என்றுதான் தெரியாது.

பெட்ரோல் பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரி செல்சியஸிலும் பற்றக்கூடிய அளவுக்கு ஆவியாகும். மண்ணெண்ணெய் பற்றுமளவுக்கு ஆவியாகச் சுமார் 38 டிகிரியாவது தேவை. காலைக் குளிரில் இருக்கும் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் துளியாகவே கிடக்கும். பொறி பட்டாலும் பற்றாது. முந்தின நாள் பெட்ரோலுக்கு மாற்றாமல் நிறுத்தியிருந்தால் கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கியிருக்கும். மறுநாள் காலை எஞ்சின் சண்டித்தனம் செய்யும். எரிதலைப் பற்றிய பாடத்தில் இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒரு பாடவேளை நடத்தலாம்.

கணக்கு ஆசிரியருக்கும் இடம் உண்டு. இரண்டு வீச்சு எஞ்சினுக்கு எரிபொருளோடு எண்ணெய் கலக்க வேண்டும். 50:1 என்றால் 10 லிட்டருக்கு 200 மில்லி. 25:1 என்றால் 400 மில்லி. எஞ்சினுக்கு எஞ்சின் விகிதம் மாறும். அதன் கையேட்டில் உள்ளதே சரி. எண்ணெய் கூடினால் பிளக்கில் கரி. குறைந்தால் பிஸ்டன் தேய்ந்து இறுகிவிடும். விகிதக் கணக்கில் வரும் தவறுக்கு இவ்வளவு தெளிவான விளைவைப் பாடநூலில் காட்டுவது கடினம்.

குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள்

ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பழுதை எழுதிக் கொடுத்து, 'பார்த்தது, நினைத்தது, செய்தது, தெரிந்தது' என்ற நான்கு கட்டங்களை நிரப்பச் சொன்னேன். ஒரே நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது விதி. பிளக்கை மாற்றி, குழாயையும் மாற்றி, எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டால் எது காரணம் என்று தெரியாது.

ஒரு குழுவுக்குத் தந்த பழுது இது: 'எஞ்சின் ஸ்டார்ட் ஆகிறது, சில நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது, சற்று நேரம் கழித்து மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது.' குழுவில் மூவர் பிளக் என்றே வாதிட்டார்கள். அதிகம் பேசாத, வாசிப்பில் பின்தங்கிய ஒரு மாணவன் தலையை ஆட்டினான். "டீச்சர், டேங்கு மூடில ஒரு காத்து திருகு உண்டுல்லா? அத தொறக்காம இருந்தா இப்படித்தான் நிக்கும்."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்பா சொல்லியிருக்கிறார் என்றான். சரி, வகுப்புக்கு நிரூபித்துக் காட்டு என்றேன். ஒரு தண்ணீர்ப் பாட்டிலின் அடியில் சிறு துளையிட்டு, தண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கினான். நீர் கொஞ்சம் சொட்டி நின்றது. மூடியைத் தளர்த்தியதும் மீண்டும் ஒழுகியது. டேங்கிலிருந்து எரிபொருள் வெளியேற வெளியேற உள்ளே காற்றழுத்தம் குறைகிறது. வெளிக்காற்று உள்ளே போக வழி இல்லாவிட்டால் எஞ்சினுக்கு எரிபொருள் வருவது நின்றுவிடும். நான்கு கட்டங்களையும் அவன் சொல்லச் சொல்லப் பக்கத்திலிருந்த மாணவி எழுதினாள். அடுத்த வாரம் அவனே எழுதினான். எழுத்துப்பிழைகள் நிறைய இருந்தன, ஆனால் நான்கு கட்டங்களும் நிரம்பியிருந்தன. எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போய்விடுவான் என்று வீட்டில் பேச்சு இருந்த பிள்ளை அவன். அவன் குறிப்பேட்டைப் பெற்றோர் கூட்டத்தில் அவன் தந்தையிடம் காட்டினேன். அவர் நீண்ட நேரம் புரட்டிப் பார்த்துவிட்டு, காற்றுத் திருகு பற்றிய பக்கத்தில் ஒரு திருத்தம் சொன்னார்: வெயிலில் டேங்க் உப்பியிருக்கும்போது திருகை மெல்லத் திறக்க வேண்டும் என்று. அந்தத் திருத்தத்தையும் மாணவன் எழுதிக்கொண்டான். ஒன்பதாம் வகுப்பில் இப்போது படிக்கிறான். இந்த ஒரு செயல்பாடுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அவன் தந்தை அந்தக் குறிப்பேட்டை மதித்தார் என்பதை மட்டும் பார்த்தேன்.

வள்ளத்துக்கு ஓர் அட்டை

செயல்பாட்டின் முடிவில், இத்தனை படிகளையும் ஒரு பக்கத்துக்குள் எளிய தமிழில் எழுதி, நனையாதபடி பிளாஸ்டிக் உறையிட்டு, வீட்டுக்குக் கொண்டுபோகச் செய்தோம். வரிசை இதுதான்: சுருள் கயிறு, கியர், டேங்க், காற்றுத் திருகு, குழாய், குமிழ், சோக், பிளக், பொறி. எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் பக்கவாட்டில் குளிர்விக்கும் நீர் பீய்ச்சுகிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் உடனே நிறுத்த வேண்டும். ஏவல் வாக்கியங்களைச் சுருக்கமாக எழுதும் பயிற்சியாகத் தமிழாசிரியர் இதைத் திருத்திக் கொடுத்தார்.

அட்டையின் கடைசிப் பகுதியை மாணவர்களே விவாதித்து முடிவு செய்தார்கள். கடலில் எஞ்சின் நின்றால் முதல் வேலை பழுது தேடுவதல்ல. ஆழம் இடம் கொடுத்தால் நங்கூரம் போடுவது, உயிர்காப்பு அங்கியை அணிவது, பக்கத்து வள்ளத்துக்குத் தகவல் சொல்வது. அதன் பிறகே கயிறு, குமிழ், பிளக். வரிசை முழுவதும் பார்த்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கை ஓயும்வரை இழுத்துக்கொண்டிருக்காமல், கைப்பேசியில் சார்ஜ் இருக்கும்போதே உதவி கேட்க வேண்டும். இந்தியக் கடலோரக் காவல்படையின் எண் 1554. தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093. இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதினோம்.

மற்ற பள்ளிகளுக்கு

கடல் இல்லாத ஊர்களில் இதே முறையை வயலில் ஓடும் டீசல் பம்ப், மின்மோட்டார், தையல் இயந்திரம், மிதிவண்டி என எதிலும் செய்யலாம். தொடக்க வகுப்புக்கு எரியாத டார்ச் விளக்கு போதும்: மின்கலமா, பல்பா, சுவிட்சா? நன்றாக எரியும் டார்ச்சின் மின்கலங்களை இதில் போட்டுப் பார்த்தால் சந்தேகம் பாதியாகும். மதிப்பீட்டில் பழுதைக் கண்டுபிடித்ததற்கு மதிப்பெண் தர வேண்டாம். ஏன் இந்தச் சோதனையை முதலில் செய்தாய், அது எதை விலக்கியது என்ற இரண்டு கேள்விகளுக்கு மாணவர் சொல்லும் பதிலுக்குத் தாருங்கள். ஊரில் அந்தக் கருவியைப் பழுதுபார்ப்பவரை ஒரு பாடவேளையாவது வகுப்புக்கு அழையுங்கள். பாடநூலில் நாம் நான்கு சொற்களாக எழுதுவதை அவர் அன்றாடம் கையால் செய்துகொண்டிருக்கிறார்.